எஞ்சின் அறையிலிருந்து மினிக்காய்

அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி போகிற சாலையில் பஸ் ஏறினால் கடல் ஒன்றும் பெரிய தூரம் இல்லை. ஆனாலும் திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்து ஆட்களுக்குக் கடல் என்பது ஆடி அமாவாசைக்குச் சேதுக்கரையிலோ ராமேஸ்வரத்திலோ முழுக்குப் போட்டுவிட்டு வருகிற இடம், அவ்வளவுதான். எங்கள் குண்டாறு மூக்கையூர்ப் பக்கம் போய்க் கடலில் சேர்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அதில் மணல் ஓடித்தான் பார்த்திருக்கிறோம். தண்ணீர் ஓடுவது வெள்ளம் வருகிற வருஷத்தில் சில நாட்கள்.

இந்தப் பூமியில் பிறந்தவன் தோணியில் எஞ்சின் டிரைவர் ஆனதற்குக் காரணம் கிணறு. எங்கள் பக்கத்தில் எஞ்சின் என்றால் கிணற்று எஞ்சின். கிர்லோஸ்கரும் பீட்டரும் இறைத்துத்தான் மிளகாயும் பருத்தியும் தப்பிப் பிழைத்தன. மட்டம் இறங்க இறங்க எஞ்சினையும் கிணற்றுக்குள்ளேயே படி வெட்டி இறக்கிக்கொண்டு போவார்கள். அந்தப் பொந்துக்குள் புகையோடு உட்கார்ந்து நாசில் கழற்றி மாட்டுவதுதான் என் தொழில். அப்போது தூத்துக்குடியில் பாய்த் தோணிகளுக்கு எஞ்சின் பூட்டிக்கொண்டிருந்தார்கள். பாய் தெரிந்தவர்கள் கடற்கரை நெடுக இருந்தார்கள். டீசல் எஞ்சின் எப்போது முனகும், எப்போது பொய்க்கு முனகும் என்று தெரிந்தவர்கள் குறைவு. சொந்தக்காரர் ஒருவர் சொல்லிவிட்டார், போனேன். பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கியது பிறகு.

தோணி என்றதும் மீன்பிடி வள்ளத்தை நினைத்துக்கொள்ளக் கூடாது. 250, 300 டன் சரக்கு ஏற்றுகிற மரக்கப்பல் அது. பழைய துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே, பெரும்பாலும் காகிதத்தில் வரைபடம் இல்லாமல், மேஸ்திரியின் கண்ணளவில் கட்டி இறக்குவார்கள். பலகைக்குத் தேக்கு; உள்ளே வளைந்து நிற்கிற கட்டைகளுக்கு வாகை, நாட்டுக் கருவேலம். பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சுத் திரியை எண்ணெயிலும் குங்கிலியத்திலும் தோய்த்து உளியால் அடித்து ஏற்றுவதற்குக் கலப்பத்து என்று பெயர். கருவேலமும் பருத்தியும் எங்கள் காட்டுப் பொருள்கள். கடலுக்கு என்னைவிட முன்னாலேயே எங்கள் ஊரிலிருந்து ஆள் போயிருக்கிறது என்று பண்டாரியிடம் சொல்வேன். சோறு வடித்துக்கொண்டே, “ஆள் வந்தா சரி, ரமணர் பொறந்த திருச்சுழிப் பக்கத்து ஆளு துறவியாப் போகாம இருந்தா சரி” என்பார்.

கிணற்று வேலை தெரிந்தவனுக்குத் தோணியில் முதலில் பழகிய முகமாகத் தெரிவது கிளாண்டு. எஞ்சினிலிருந்து போகிற ஷாஃப்ட் தோணியின் பின்பக்க மரத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிறது, முனையில் புரொப்பல்லர். அந்தத் துளை வழியாகக் கடல் உள்ளே வராமல் இருக்க, ஷாஃப்டைச் சுற்றிக் கிரீஸ் தோய்த்த கயிறு திணித்து, இரண்டு நட்டு வைத்து நெருக்கியிருப்பார்கள். கிணற்றுப் பம்பிலும் இதே கயிறுதான், இதே நட்டுத்தான். அங்கே சம்சாரி பக்கத்தில் நின்றுகொண்டு, “சொட்டுதேப்பா, முறுக்கி விடு” என்று விடாமல் சொல்வார். எங்கள் ஊரில் சொட்டுத் தண்ணீர் தரையில் விழுந்தால் மனம் பொறுக்காது. ஆனால் முழுக்க முறுக்கினால் கயிறு காய்ந்து, ஷாஃப்ட் சூடேறி, இரும்பில் வரி விழுந்துவிடும். வரி விழுந்த ஷாஃப்டில் எத்தனை கயிறு திணித்தாலும் ஒழுக்கு நிற்காது. ஓடும்போது நிதானமாகச் சொட்ட வேண்டும். நிறுத்தியதும் கால் சுற்று முறுக்கிச் சொட்டை அடக்க வேண்டும். இதைச் சம்சாரிக்குப் புரியவைக்க நான் பட்ட பாட்டில் பாதி கூட, தோணியை நடத்துகிற தண்டலுக்குப் புரியவைக்கப் படவில்லை. கிளாண்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். கை பொறுத்தால் சரி. கையை இழுத்துக்கொள்ளத் தோன்றினால் நட்டைத் தளர்த்த வேண்டும். இரவில் தூக்கத்திலிருந்து எழுந்ததும் கை முதலில் போவது அங்கேதான்.

லட்சத்தீவுகளில் ஒன்றான மினிக்காய்க்குச் சரக்கு என்றால் பெரும்பாலும் கட்டுமானப் பொருள். தீவில் கல் கிடையாது, மலை கிடையாது, தோண்டினால் பவள மணல். ஜல்லி, செங்கல், கம்பி, சிமெண்ட், மேலே காய்கறி, வெங்காயம், வற்றல் எல்லாம் தூத்துக்குடியிலிருந்து போகும். சிமெண்ட் மூட்டையைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கிற சுரங்கங்கள் இருக்கின்றன. சிமெண்டுக்கு மூலம் அதுதான். பவளப் பாறையும் சுண்ணாம்புதான். கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதையாக, சுண்ணாம்புத் தீவுக்குச் சுண்ணாம்பு கொண்டுபோகிறோம். சிமெண்ட் ஏற்றினால் எஞ்சின் டிரைவருக்குத் தூக்கம் இல்லை. மரத் தோணி எதுவானாலும் கொஞ்சம் தண்ணீர் கசியும். அடியில் ஜல்லி, அதன் மேல் பலகை, பலகை மேல் தார்ப்பாய், அதற்கும் மேல்தான் மூட்டை. பில்ஜ் தண்ணீர் பலகையைத் தொட்டால் மூட்டை கல்லாகிவிடும். அடியில் இருக்கிற பம்பை மணிக்கணக்கு வைத்து ஓட்டுவேன். ஊரில் தண்ணீரை உள்ளே கொண்டுவர இறைத்தவன் இங்கே வெளியே தள்ள இறைத்தேன்.

லட்சத்தீவுப் பக்கம் தோணிகள் ஓடுகிற காலம் செப்டம்பர் பாதியில் தொடங்கும். மே 15 முதல் செப்டம்பர் 15 வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிற கச்சான் காலம், அனுமதி இல்லை. எங்கள் மானாவாரிக் காட்டில் விதைப்பு புரட்டாசி, ஐப்பசியில். ஆகவே விதைக்கும் நேரத்தில் நான் கடலில் இருப்பேன், வெயில் கொளுத்தும்போது ஊரில் இருப்பேன். “வேலை இல்லாத நாளாப் பாத்து வந்துர்றான்” என்று சித்தப்பா சொல்வதில் நியாயம் உண்டு.

தூத்துக்குடியிலிருந்து மினிக்காய் 300 கடல் மைலுக்கு மேல். கொண்டல் காற்று நின்று வீசுகிற மார்கழி, தை மாதங்களில் போவது சுகம். முயல் தீவு விளக்கைத் தாண்டியதும் தண்டல் பாயை விரிக்கச் சொல்வார். காற்று பின்னாலிருந்து தள்ளும், நீவாடு என்கிற நீரோட்டமும் அந்த மாதங்களில் மேற்கே இழுக்கும். பாய் பிடித்துக்கொண்டது என்றால் எஞ்சினை நிறுத்திவிடுவோம். டீசல் மிச்சம், எனக்குக் காது மிச்சம். திருச்செந்தூர்க் கோபுரம் வலது பக்கம் நகரும்.

சுகமெல்லாம் மணப்பாடு வரைதான். அங்கே பாறை நீர்மட்டத்துக்குக் கீழே கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. அந்தப் பார் மேல் எத்தனையோ கப்பல்கள் ஏறியிருக்கின்றன என்று தண்டல் வெளியே நெடுந்தூரம் ஒதுங்கிப் போவார். கூடங்குளத்தைத் தாண்டிக் கன்னியாகுமரி வந்தால் கடலின் குணமே மாறும். அலை ஒரு பக்கமிருந்து வராது. கிழக்கேயிருந்து ஒன்று, தெற்கேயிருந்து ஒன்று, பாறையில் அடித்துத் திரும்புவது ஒன்று. விவேகானந்தர் பாறையும் 2000-ல் நிறுத்திய 133 அடி வள்ளுவரும் சுற்றுலா வருகிறவர்களுக்குப் படம். எங்களுக்கு அந்தப் பக்கத்துக் கடல் முழுக்க, தலை தெரிகிற பாறையும் தலை தெரியாத பாறையும். முட்டம் வரை அப்படித்தான். முட்டத்தில் செம்மண் மேட்டில் விளக்கு நிற்கிறது, அதற்குக் கீழே கரும்பாறைகள்.

இந்த இடத்தில் எஞ்சின் அறைக்கு என்று தனி ஆபத்து ஒன்று உண்டு, மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது. அமைதியான கடலில் டீசல் டேங்கின் அடியில் கசடு படிந்து கிடக்கும். தோணி தூக்கிப் போடும்போது அந்தக் கசடு கலங்கி மேலே வந்து ஃபில்டரை அடைக்கும். எஞ்சின் இரண்டு முறை இருமும், மூன்றாவது முறை நிற்கும். பாறை அதிகமான இடமும் டேங்க் கலங்குகிற இடமும் ஒன்றாக அமைந்திருப்பது கடவுளின் வேலையா பிசாசின் வேலையா என்று தெரியவில்லை. மணப்பாடு தாண்டியதுமே ஃபில்டரை மாற்றிவிடுவது என் வழக்கம், பழையது நன்றாக இருந்தாலும் சரி. மாற்று ஃபில்டர் ஒன்றைத் துணியில் சுற்றிக் கையெட்டும் ஆணியில் மாட்டியிருப்பேன். முதலாளி கணக்கில் இது வீண் செலவு.

முட்டம் கடந்தால் மலை மெல்ல மறையும். பிறகு இரண்டு நாளுக்கு ஒன்றும் இல்லை. எஞ்சின் டிரைவருக்கு ஒன்றும் இல்லாத கடல்தான் நல்ல கடல்.

மினிக்காய் தட்டையான தீவு. சுமார் 10 கிலோமீட்டர் நீளம், கொடுக்காய்ப்புளி போல வளைந்து, வளைவுக்குள்ளே காயலை அணைத்துக்கொண்டு கிடக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சில அடி உயரம். கிட்டே போகும் வரை தென்னை மண்டை கூடத் தெரியாது. அதனால்தான் அங்கே 1885-ல் ஆங்கிலேயர் விளக்குக் கட்டினார்கள். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தபின் கொழும்புக்குப் போகிற கப்பல்களெல்லாம் இந்த வழியாகத்தான் வந்தன. அதற்கு முன்னாலேயே, 1862-ல், பி அண்ட் ஓ கம்பெனியின் ‘கொழும்பு’ என்கிற கப்பல் இந்தத் தீவின் பாரில் ஏறி உடைந்தது. நீராவிக் கப்பலுக்கே அந்தக் கதி. தெற்கே மாலத்தீவு, வடக்கே மற்ற லட்சத்தீவுகள், நடுவே இது மட்டும் தனியாக நிற்கிறது.

இரவில் விளக்குத் தெரிந்துவிட்டால் கலாசிகளுக்குக் கொண்டாட்டம் வரும். எங்கள் தண்டலுக்கோ முகம் இறுகும். “டிரைவரே, அடக்கி ஓட்டுங்க. விடியட்டும்” என்பார். தீவுக்கு இருட்டில் போகவே கூடாது என்பது அவர் சட்டம். விடிந்ததும் கூடப் போகமாட்டார். சூரியன் நன்றாக ஏறி, முதுகுக்குப் பின்னால் வர வேண்டும். எதிர்வெயிலில் தண்ணீர் பளபளக்கும், அடி தெரியாது. வெயில் பின்னால் இருந்தால்தான் நிறம் பிரியும். கருநீலம் என்றால் ஆழம், பச்சை என்றால் மணல் மேல் கொஞ்சம் தண்ணீர், பழுப்பு என்றால் பவளம், பழுப்பைத் தொடக் கூடாது. கலாசி ஒருவர் பாய்மரத்தின் மேல் ஏறிக் கையைக் காட்டிக்கொண்டே இருப்பார். தீவுக்காரர் ஒருவர் படகில் வந்து ஏறி வழி சொல்வார். மினிக்காய்க்காரர்கள் பலர் உலகக் கப்பல்களில் மாலுமி வேலை பார்த்துத் திரும்பியவர்கள். அவர்கள் பேசுகிற மஹல் மொழி எங்களுக்குப் புரியாது, மலையாளத்திலும் இந்தியிலும் சமாளிப்போம்.

இத்தனையும் மேலே நடக்கும். எனக்குத் தலைக்கு மேல் சதுரமாக வானம், காதுக்குப் பக்கத்தில் மணி. மணியின் கயிறு சுக்கான் பக்கத்திலிருந்து இறங்கி வரும். எங்கள் தோணியில் ஒரு அடி மெதுவாக முன்னே, இரண்டு அடி நிறுத்து, மூன்று அடி பின்னே. ஆனால் மணி அடிக்கும் முன்னாலேயே எனக்குக் கொஞ்சம் தெரிந்துவிடும். அடியில் தண்ணீர் குறையக் குறைய, அதே கைப்பிடியில் அதே டீசலில், எஞ்சின் பளு ஏறி முனகத் தொடங்கும். தட்டுப் பலகை நடுங்கும். வேகமும் தானாக விழும். தோணியின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே தண்ணீர் ஓட இடம் பற்றாமல் வருகிற மாற்றம் அது. இன்னும் குறைந்தால் கூலிங் தண்ணீர் வருகிற வலைத்தட்டில் மணல் பிடிக்கும். வெளியே விழுகிற தண்ணீர் மெலியும். உஷ்ண முள் எழும்பும். கை ஒன்று மணியைப் பார்த்திருக்க, இன்னொரு கை வலைத்தட்டின் மூடிமேல் இருக்கும். பாரின் வாயைக் கடந்து காயலுக்குள் நுழைகிற கொஞ்ச நேரத்தில் என்னிடம் யாரும் பேசமாட்டார்கள். பேசினாலும் கேட்காது.

நுழைவதற்கு ஓதம் பார்க்க வேண்டும். ஓதம் இல்லையென்றால் வெளியே காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புத்தான் தொல்லை. நங்கூரம் போட்டு நிம்மதியாகக் காத்திருக்கலாமே என்று நான் நினைத்தது உண்டு. தண்டல் சிரித்தார். “எதுல போட? தரை எங்க இருக்கு?” தீவு கடலடியிலிருந்து எழுந்து நிற்கிற ஒரு மலையின் உச்சி. காயலுக்குள்ளே ஆழம் குறைந்த மணல் தரை, பாரை விட்டு வெளியே வந்தால் கிடுகிடு பள்ளம். பாரை ஒட்டிப் போட்டால் நங்கூரம் பவளத்துக்குள் மாட்டிக்கொள்ளும். சற்றுத் தள்ளிப் போட்டால் சங்கிலி முழுதும் இறங்கியும் அடி தட்டாது. அதனால் காற்றுக்கு முகம் கொடுத்து, எஞ்சினை மெதுவாக ஓட்டிக்கொண்டு, இருந்த இடத்திலேயே நிற்பது போல் நிற்போம். கட்டாயம் போட வேண்டி வந்தால், நங்கூரத்தின் கொண்டையில் தனிக்கயிறு ஒன்று கட்டி மிதவையோடு விடுவோம். மாட்டிக்கொண்டால் சங்கிலியை விட்டுவிட்டு அந்தக் கயிற்றைப் பின்பக்கமாக இழுத்துக் கழற்றலாம். உள்ளே போய்விட்டால் மணல் தரை. நங்கூரம் விழுந்த கணமே பிடித்துக்கொள்ளும்.

அந்தப் பள்ளத்தை நான் பல வருஷம் திட்டியிருக்கிறேன். சென்னையில் இருக்கிற தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் அதே பள்ளத்திலிருந்து தீவுக்குக் குடிதண்ணீர் எடுத்துக் காட்டியது. முதலில் கவரத்தியில் 2005-ல், பிறகு மினிக்காயிலும் அகத்தியிலும் 2011-ல், நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் எடுக்கிற மாதிரி ஆலை வைத்தார்கள். வேலை செய்கிற முறை பம்புக்காரனுக்கு மனசைப் பறிகொடுக்க வைப்பது. மேல்தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது. அதை ஒரு தொட்டியில் விட்டுக் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால், அடுப்பில்லாமலே கொஞ்சம் ஆவியாகும். 350 மீட்டர் ஆழத்திலிருந்து குழாய் வைத்துக் குளிர்ந்த தண்ணீரை ஏற்றி அந்த ஆவியைக் குளிர வைத்தால் நல்ல தண்ணீர். அவ்வளவு ஆழத்துத் தண்ணீர் தமிழ்நாட்டுக் கரையில் வேண்டுமென்றால் பல மைல் உள்ளே போக வேண்டும். மினிக்காயில் கரையிலிருந்தே குழாயை இறக்கிவிடலாம். தரை அப்படிச் சரிகிறது. எங்களுக்கு நங்கூரம் பிடிக்காத இடம்.

அந்த ஆலை வருவதற்கு முன்னால் தீவில் கிணறுதான். அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியாள் கரை ஏற முடியாது. சீட்டுக் கிடைத்த முறைகளில் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் நான் போய்ப் பார்த்தது கிணறுகளை. எட்டிப் பார்த்தால் தண்ணீர் கைக்கெட்டுகிற தூரத்தில் நிற்கிறது. எங்கள் ஊரில் நூறு அடிக்குக் கீழே உப்புத் தண்ணீரைத் தேடுகிறவனுக்கு வயிறு எரிந்தது. “ஒரு மோட்டாரைப் போட வேண்டியதுதானே” என்றேன். கூட வந்த முதியவர் மலையாளத்தில், “போட்டால் நல்ல தண்ணீர் போய்க் கடல் வந்துவிடும், மோனே” என்றார். மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீரின் மேல் படலமாக மிதந்து நிற்கிறது. வாளியில் மொண்டால் படலம் தாங்கும். பம்பு வைத்து உறிஞ்சினால் கீழிருந்து உப்பு எழும்பும், பிறகு அந்தக் கிணறு தேறி வர எத்தனையோ மழை வேண்டும். திருச்சுழிப் பக்கம் போர் போட்டுப் போர் போட்டு உப்பை மேலே கொண்டுவந்த ஊர்கள் எனக்குத் தெரியும். அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

சரக்கு இறக்கி முடிந்ததும் ஆளுக்குக் கொஞ்சம் மாசி வாங்குவோம். சூரை மீனை வேகவைத்து, புகையில் காட்டி, வெயிலில் காய வைத்தது. இரும்பாக இறுகிவிடும். தூத்துக்குடியில் அதற்கு நல்ல விலை, இலங்கையில் அதைவிட நல்ல விலை. ஊருக்குக் கொண்டுபோனால் ஆத்தா அரிவாள்மனையில் வைத்துப் பார்த்துவிட்டு, “இதை எப்பிடிப்பா அரியறது?” என்று கேட்டது. கடைசியில் உரலில் இடித்து, எங்கள் ஊர் வற்றலோடு துவையலாக அரைத்தோம். அதன் பிறகு மாசி இல்லாமல் ஊர்ப்பக்கம் போனால் மரியாதை இல்லை.

திரும்பி வருவதைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள், உண்மையில் கஷ்டம் அதில்தான். காலித் தோணி தக்கையாக ஆடும். தீவிலிருந்து மணல் எடுக்கத் தடை, அதனால் பாரத்துக்கு ஜல்லியில் கொஞ்சத்தை இறக்காமல் அடியிலேயே விட்டுக் கொண்டுவருவோம். போகும்போது முதுகைத் தட்டிய கொண்டல் இப்போது முகத்தில் அறையும். நீவாடும் எதிர். பாய் ஒன்றுக்கும் உதவாது, முழுக்க எஞ்சின்தான். கன்னியாகுமரியிலிருந்து தூத்துக்குடி வரை உள்ள கடைசித் துண்டு காற்றுக்கு நேர் எதிர். கோபுரம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும், கிட்டே வராது. அலை பின்பக்கத்தைத் தூக்கும்போது புரொப்பல்லர் காற்றில் சுற்றி எஞ்சின் ஓலமிடும். உடனே கைப்பிடியைக் குறைத்து, அது தண்ணீருக்குள் இறங்கியதும் திரும்ப ஏற்ற வேண்டும். அலைக்கு அலை இதே வேலை. அசந்தால் ஷாஃப்ட் போகும்.

மொத்தம் செலவான டீசலில் மூன்றில் ஒரு பங்குதான் மினிக்காய்க்குப் போகும்போது செலவாகியிருக்கும். கணக்குப்பிள்ளைக்கு இது விளங்கவே விளங்காது. போகிற தூரமும் வருகிற தூரமும் ஒன்றுதானே, சரக்குக் கூட இல்லையே என்பார். பேரலை விற்றுவிட்டேனோ என்று அவர் கண்ணில் ஒரு சந்தேகம் தெரியும். அதனால் ஒரு நோட்டுப் போட்டேன். எத்தனை மணிக்கு எஞ்சின் போட்டது, எத்தனைக்கு நிறுத்தியது, அளவுக் கம்பியில் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம் என்று பென்சிலால் எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் தண்டலிடம் கையெழுத்து வாங்கி வைத்தேன். கணக்குப்பிள்ளை அதைப் புரட்டிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். அடுத்த லோடுக்கு ஒரு பேரல் கூடுதலாக ஏற்றச் சொல்லிவிட்டார். எனக்கு வர வேண்டிய படி மட்டும் பொங்கல் கழித்துத்தான் கைக்கு வந்தது.